ஆரோக்கியமான ஆளின் ரத்தம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு இளம் பெண்கள். "நான் படிக்கிற நோய் எனக்கே வந்துச்சுடி" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். என் தூக்கம் போய்விட்டது.

"டெங்குவா?" என்றாள் தோழி.

"ஆமா. ரத்தத்துல பொடிப்பொடியா ஆர்என்ஏ துணுக்கு இருக்கும். அதோட அளவ வச்சு யாருக்கு நோய் கடுமையாகும்னு முன்கூட்டியே சொல்லலாமான்னுதான் கண்டி லேப்ல பாக்குறோம். ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆள் ரத்தமும் வேணும். ஆள் கெடைக்கல, நானே குடுத்தேன்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"ஒடம்பு வலிச்சுச்சு. மழையில நனைஞ்சதாலன்னு நெனச்சேன். என் ரத்தம், நோய் கடுமையாகும்னு காட்டுச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மெஷின் பிழைன்னு திட்டிட்டு, மறுபடியும் ஓட்டினேன். அதேதான் வந்துச்சு. இன்னொருக்கா ஓட்டப் போனப்ப அங்கேயே மயங்கி விழுந்துட்டேன். ஐசியூவுல கண்ண முழிச்சா, அம்மா என் காலப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க."

தோழி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப என் ரத்தத்த நோயாளிங்க பக்கம் மாத்திட்டாங்க. ஆரோக்கியமான ஆள் ஒண்ணு கொறையுது. நீ குடுக்குறியா?"

தோழி பிடித்த கையை விட்டுவிட்டு, புறங்கையைத் தன் கழுத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டாள்.