களத்தில் ஆள் இருந்தது

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பினால் அரை மணிக்கு ஒரு தரம் காலால் கிண்டிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மேல் நெல் காய்ந்து, அடி நெல் புழுங்கி, மில்லில் போட்டதும் அரிசி நொய்யாக உடைந்துபோகும். புதுவயல் ரைஸ் மில்லில் முப்பத்தொரு வருஷமாக நான் செய்கிற வேலை இது. இது தெரிந்தால்தான் நான் சொல்ல வந்தது புரியும், இன்ஸ்பெக்டரம்மா.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தீர்கள். "போயிட்டு வாங்க ஆத்தா, அந்தக் கேஸ் முடிஞ்சு பதினஞ்சு நாளாச்சு" என்றீர்கள். முடிந்ததுதான். முடித்த விதம் சரியில்லை.

உங்கள் ரிப்போர்ட்டை முதலாளி முருகப்பன் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். சூப்பர்வைசர் அருள்பாண்டி, வயது இருபத்தெட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத களத்தைத் தனியாகக் கடந்து போய், நெல் ஊறுகிற தொட்டியின் மேல் ஏறி, தலை சுற்றி உள்ளே விழுந்து இறந்தார். விபத்து.

ஆளில்லாத களம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் களத்தை, இந்த மலையம்மாள் களத்தை, யாரும் அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் ஆட்கள் எடுத்த போட்டோ ஃபைலில் இருக்கும், எடுங்கள். இந்த ஓரத்தில் அவருடைய ஷூ. அந்த ஓரத்தில் தொட்டி. நடுவில் களம் நிறைய நெல். அதில் என்ன தெரிகிறது? சீப்பால் வாரிய தலை மாதிரி வரி வரியாக, ஒரு வரிகூடக் கலையாமல். ஷூவை இங்கே கழற்றிவிட்டு அங்கே போனவர் பறந்தா போனார்? ஈர நெல்லில் கோழி நடந்தாலே தடம் விழும்.

"காத்துல தடம் கலைஞ்சிருக்கும் ஆத்தா."

"காத்து கலைக்கும் தாயி. கோடு போடாது."

இப்போதுதான் போட்டோவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். பாருங்கள். சாப்பிடப் போன பெண்கள் திரும்பிக் களத்தில் இறங்கும் முன்பே, பாய்லர்காரர் சின்னக்கருப்பன் பின்பக்கமாக வந்து, தொட்டியைப் பார்த்துக் கத்திவிட்டார். அப்படியென்றால் இந்தக் கோட்டைப் போட்டது யார்? எல்லாக் கோடும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். என் இடது முழங்கால் மடங்காது. என்னோடு களத்தில் கிண்டுகிற விசாலத்தைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "இது மலையம்மாக்கா காலு" என்று சொல்லிவிடுவாள்.

அவர் தடமும் என் தடமும் சேர்ந்தே இருந்தன. நான்தான் கிண்டிவிட்டேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. தடம் பதிந்த நெல்லை அப்படியே போட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்க எனக்கு வராது.

அருள்பாண்டி நல்ல பிள்ளை. மானகிரிக்காரர். நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்று வந்த முதல் நாளே சொன்னேன். அன்றிலிருந்து ஷூவைக் கழற்றாமல் களத்தில் இறங்கியதில்லை. அன்றைக்கும் கழற்றினார்.

"அக்கா, நெல்லு ஊறிருச்சான்னு பாக்கணும். கூட வாரீகளா?"

போனேன். நெல் காய வைக்கிற மெஷின் வாங்கச் சொல்லி முதலாளிக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவர் அவர். களத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரின் பிழைப்புக்காகத்தான் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"யாருக்கும் வேலை போகலையே ஆத்தா. உள்ள மூட்டை தைக்கிற வேலை குடுக்குறதா முதலாளி சொன்னாரே?"

அருள்பாண்டியும் தொட்டி ஏணியில் ஏறும்போது அதைத்தான் சொன்னார். "ஒருத்தரையும் நிப்பாட்டலக்கா. எல்லாருக்கும் நிழல்ல வேலை. உங்களுக்கு ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலி. அந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க இனிமே வெயில்ல நடக்க வேணாம்." சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு ஒரு நாற்காலி.

விசாலம் இதைக் கேட்டு சந்தோஷப்பட்டாள் என்பது உண்மைதான். அவளுக்கு விவரம் போதாது. அவர்களுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்.

"மேல் நெல்லு வேணாம் தம்பி. அடியில கைய விட்டு எடுத்துக் கடிச்சுப் பாருங்க" என்றேன். விளிம்பில் வயிற்றைக் கொடுத்துக் குனிந்தார். பின்னாலேயே ஏணியில் ஏறி நின்ற நான் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினேன். நெல் மூட்டையைவிடக் கனம் குறைவு. தலைகீழாகப் போனவரை ஊறின நெல் திருப்பித் தராது. கால் அடங்கும்வரை பிடித்துக்கொண்டேன், சுவரில் இடித்துக் காயம் படக் கூடாது என்று. பிறகு இறங்கி வந்து களத்தைக் கிண்டினேன். ஓரத்தில் ஒன்று கவிழ்ந்து கிடந்த ஷூவைச் சோடி சேர்த்து வைத்தேன்.

"நாங்க விபத்துன்னே முடிச்சிட்டோம். பேசாம இருந்திருக்கலாமே. ஏன் வந்தீக?"

உங்கள் ரிப்போர்ட்டால்தான் வந்தேன். ஆளில்லாத களம் ஆபத்து என்று அதைக் காட்டியே முதலாளி மெஷினுக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை லாரியில் வருகிறதாம். களத்தில் ஆள் இருந்தது என்று நீங்கள் திருத்தி எழுதிக் கொடுத்தால் அவர் என்ன சாக்குச் சொல்வார்?

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், தாயி. மூன்று மணிக்கு நெல்லைக் கிண்ட வேண்டும். விசாலத்திடம் விட்டால் கோடு கோணலாகப் போடுவாள்.