போர்வையில் தைத்த குறுக்குப் பாதை

அவையை ஆளும் அன்புத் தலைவர் அவர்களே! கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோரே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராய் நிற்கும் நண்பர்களே! வணங்குகிறேன்.

நான் கலைஞன் அல்லன், கவிஞனும் அல்லன். நகரத்துப் பூங்காக்களை அளக்கும் பொறியாளன். அளப்பது என் தொழில், அளந்துதான் பேசுவேன். சிரிக்கிறீர்கள். நம்பவில்லை என்று பொருள்!

என் பின்னால் தொங்குகிறதே இந்த ஒட்டுத்துணிப் போர்வை, பாருங்கள்! எட்டடி அகலம், ஆறடி உயரம். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் நம் பூங்காவின் படம் இது. சட்டைக் காலர்கள் செடிகளாயின. சீருடை ஓரங்கள் குளத்து நீராயின. கிழிந்த குடைத்துணி மரநிழலாயிற்று. அந்தப் பூங்காவுக்கு எதிர்மாடியில் உடை திருத்தித் தரும் டெய்லரம்மா பதினோரு மாதம் தைத்தது. நகரப் பூங்காக்களைப் பற்றிய இந்தக் கண்காட்சிக்கு அனுப்பினார். தேர்வுக் குழுவில் இருவர் ‘அருமை’ என்று எழுதினர். மூன்றாமவர் ‘தவறு’ என்று எழுதித் திருப்பி அனுப்பச் செய்தார். யார் அந்த மூன்றாமவர்? யார் அந்த மகாமேதை? கைதட்டாதீர்கள் ஐயா, நான்தான்!

ஏன் தவறு? புல்வெளியின் குறுக்கே காக்கித் துணியில் ஒரு பாதை தைத்திருந்தார். என் வரைபடத்தில் அப்படியொரு பாதையே இல்லை. மக்கள் மிதித்து மிதித்து உண்டானது அது. அதை அடைக்கத்தான் இரண்டு மாதம் முன்பு கம்பிவேலி போட்டிருந்தேன்.

போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார் அந்த அம்மா.

“சார், எந்த இடத்துல தப்புன்னு விரலை வச்சுக் காட்டுங்க.”

காட்டினேன். “இந்தப் பாதை பிளான்லயே கிடையாதும்மா.”

“பிளான்ல இல்ல சார், எங்க கால்ல இருக்கு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. பாத்துட்டு அப்பவும் தப்புன்னு சொன்னா நானே பிரிச்சுடறேன்.”

பதினோரு மாத உழைப்பைப் பிரித்துவிடுகிறேன் என்று ஒருவர் பதறாமல் சொன்னால், போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

என்ன கண்டேன்? பேருந்தை விட்டு இறங்கினார்கள், வேலிவரை வந்தார்கள், திகைத்தார்கள், பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். எங்கே? எதிர்ப்புறத்து மருத்துவமனை வாசலுக்கு! பணிக்கு விரையும் செவிலி நடந்தார். பிளாஸ்க்கும் பையுமாக ஒரு மாமியாரும் மருமகளும் நடந்தார்கள். ஊன்றுகோலோடு ஒருவர் நடந்தார், நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினேழு பேர். குறுக்கே போனால் நான்கு நிமிடம், சுற்றினால் பதினைந்து.

“உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?” என்றேன்.

“எங்க வீட்டுக்காரர் அங்கதான் ஒன்பது மாசம் படுத்திருந்தார். கடைசி நாள் போன் வந்ததும் இந்த வழியாத்தான் ஓடினேன். அவர் கண்ணு திறந்திருக்கும்போதே போய்ச் சேந்துட்டேன். சுத்திப் போயிருந்தா அது கிடைச்சிருக்காது சார்.”

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. சட்டையைத் திருத்த எத்தனை நாளாகும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். நானும் அழவில்லை. நேரே அலுவலகம் போய்க் கோப்பைத் திறந்தேன்.

பெரியோர்களே! தாளில் வரைந்தவன் பாதையா பாதை? தரையில் நடந்தவன் பாதையல்லவா பாதை! அளவுகோல் அறியாததை அடிச்சுவடு அறிந்திருந்தது. அலுவலகம் அறியாததை ஊசிமுனை அறிந்திருந்தது! பன்னிரண்டாம் நாள் வேலி போயிற்று. இன்று அங்கே கல் பாவியிருக்கிறோம். சக்கர நாற்காலியும் தடங்கலின்றிப் போகிறது. போர்வையும் இதோ, கண்காட்சியின் நடுச்சுவரில்!

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. தைத்து முடிக்கும்போது வேலி இருந்ததே, அதை ஏன் தைக்கவில்லை? மேடையேறுமுன் அவரிடமே கேட்டேன்.

“எப்படியும் எடுக்கத்தானே போறீங்க சார்? அதுக்குப் போய் எதுக்குத் துணியை வீணாக்கணும்?”

தைத்த கைகளுக்கும், நடந்த கால்களுக்கும், பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கும் நன்றி; வணக்கம்!