தனத்தின் யூரின் டப்பா சிவந்தது பற்றி

என் பெயர் மணிமொழி, வயது 66, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, அடி அண்ணாமலை பள்ளிக்கூடத் தெருவில் வசிக்கிறேன். காவல் நிலையத்தில் சாட்சியாக இந்த வாக்குமூலம் தருகிறேன். "டீச்சர், ஒண்ணுக்கு சிவப்பா போனா வியாதி முத்திடுச்சினு அர்த்தமாங்க?" என்று பக்கத்து வீட்டுத் தனம் என்னிடம் கேட்டாள். இந்த வழக்கே அந்தக் கேள்விதான் என்பதால் அதிலிருந்து சொல்கிறேன்.

தனத்தின் கணவர் அர்ஜுனனுக்குத் தொழுநோய் கண்டறியப்பட்டு, சிகிச்சை நடக்கிறது. கூட வசிக்கும் தனத்துக்கு நோய் வராமலிருக்க ஒரே ஒரு வேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். அது சிறுநீரைச் சிவப்பாக்கும். பீட்ரூட் நறுக்கிய கையைப் போலத்தான், தானாகப் போய்விடும் என்று அவளிடம் சொன்னேன்.

அதன் பிறகு அன்றே சுகாதாரப் பணியாளர் ரேவதி, நோய்க்கிருமியின் தடயம் சிறுநீரில் தெரிகிறதா என்று பார்க்கும் ஆய்வகத்துக்காக எங்கள் தெருவில் மாதிரி சேகரித்தார். தனத்தின் டப்பாவை வாங்கியவர், "இன்னாக்கா, இவ்ளோ சிவப்பா இருக்குது? மாத்திரை போட்டியா?" என்றார். அங்கே நின்ற டீக்கடைக்காரர் தசரதன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனார்.

ஆய்வகம் தேடுவது நிறத்தை அல்ல. ஊதுபத்தி அணைந்தும் அறையில் வாசனை நிற்பதைப் போல, கிருமி விட்டுப்போகும் நுண்ணிய பொருளைத் தேடுகிறது. அந்த முடிவு இன்னும் வரவில்லை.

அதன் பிறகு பௌர்ணமி மாலை கிரிவலப் பாதையில் தனம் சுக்குக் காபி விற்கும்போது தசரதன் வந்து, "உன் சிவப்பையும் கலந்து ஊத்துறியா? உன்னால இந்தக் கடை வரிசையில எவனும் நிக்கமாட்டான், எடுத்துக்கினு போ" என்று அண்டாவைக் காலால் தள்ளினார். காபி தனத்தின் வலது பாதத்தில் கொட்டியது. தண்ணீர் கொண்டுவந்த ஒருவர் பாட்டிலை அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். எடுத்து ஊற்றியது நான்.

அதன் பிறகு தனம் கடை போடவில்லை. அதே மருந்து சேர்ந்த தன் இந்த மாத மாத்திரையை அர்ஜுனன் போடவில்லை. கேட்டதற்கு, "எனக்கு சிவப்பா போனாலும் அவளத்தான அடிப்பாங்க, டீச்சர்" என்றார். தெருவில் மற்றவர்கள் தங்களுக்கும் கொடுக்கப்படும் தடுப்பு மாத்திரையை ரேவதி முன்னால் வாயில் போட்டு, அவர் திரும்பியதும் துப்புகிறார்கள். தசரதனுக்கு என்ன தண்டனை என்பது நீதிமன்றத்தின் வேலை. அர்ஜுனன் மாத்திரையைத் தொடர வேண்டும். அதற்கு, அந்தச் சிவப்பு என்னவென்று சீருடையில் ஒருவர் வந்து தெருவில் சொல்ல வேண்டும்.

இவை நான் கண்டதும் கேட்டதும். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், மாற்ற ஒன்றுமில்லை. நிறம் பற்றி ஐயமிருந்தால், இன்று இரவு ஒரு பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் உங்கள் சிறுநீர் எவ்வளவு மஞ்சள் என்று பாருங்கள்.

(ஒப்பம்) மணிமொழி