ராக்கு கிணத்து விரா

இந்த ரோடு வெறும் வண்டிப்பாதையாக் கெடந்த காலம். நம்ம அப்பனுக்கு அப்பன் பொறக்காத காலம். அந்தக் காலத்துல, இதே கிளுவமங்கலத்துல, சோணமுத்துன்னு ஒருத்தரு இருந்தாராம். அவரு பொஞ்சாதி பேரு ராக்கு. மேக்குத்தெருவுல ஒரு கூரை வீடு, கம்மாத் தண்ணி பாயுற துண்டு வயலு, ஒரு பொம்பளப்புள்ள. அவ்வளவுதான் அவுக சொத்து.

சோணமுத்துக்குத் தூண்டில்னா உசுரு. வயக்காட்டுல களை கெடக்கும், இவரு கம்மாக்கரையில கெடப்பாராம். மண்புழுவைக் கோத்துக் கெண்டைக்குப் போடுவாராம், தவளைக்குட்டியக் கோத்து விரா மீனுக்குப் போடுவாராம். மீனு கடிச்சாலும் சிரிப்பாராம், கடிச்சுட்டுத் தப்பிச்சாலும் சிரிப்பாராம். "போ போ, நாளைக்கு ஆறஅமர வா"ன்னு தண்ணியப் பாத்துச் சொல்லுவாராம். பிடிச்சதுல ஒண்ணைத்தான் வீட்டுக்குக் கொண்டாருவாரு. மத்ததெல்லாம் வார வழியில கேட்டவுகளுக்குக் குடுத்துருவாரு.

ராக்கு வைவாளாம். "ஊரு ஒலகத்துல ஆம்பளைக சம்பாரிச்சுக் கொண்டாராக. நீங்க சகதியக் கொண்டாரீக"ன்னு வைவாளாம். வைஞ்சுக்கிட்டே அந்தச் சகதி வேட்டியத் தொவைப்பாளாம். அந்த மனுசன் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும். வெளிய சொல்ல மாட்டா.

அப்படி இருக்கையில டவுனுலேர்ந்து ஒரு ஆளு வந்தானாம். "இங்க விரா கெடைக்குமா? உசுரோட வேணும். எங்க வீட்டுல புள்ளை பெத்தவ ஒடம்பு தேறாமக் கெடக்கா. வைத்தியரு விரா மீனு குடுக்கச் சொல்லியிருக்காரு"ன்னானாம். சோணமுத்து ஒண்ணைப் பிடிச்சுச் சும்மாவே குடுத்தாராம். அந்த ஆளு கேக்காம ராக்கு கையில காசைத் திணிச்சுட்டுப் போனானாம்.

ராக்கு அந்தக் காசைப் பாத்தா. கூரையப் பாத்தா. கூரையில வானம் தெரிஞ்சுச்சு.

"ஏங்க, நீங்க பிடிங்க. நான் கொண்டுபோயி விக்கிறேன்"ன்னாளாம்.

"விக்கிறதா? மீனயா?"ன்னு சோணமுத்து சிரிச்சாராம்.

"சிரிக்காதீக. தெனம் அங்கதான உக்காந்துருக்கீக. உக்காந்த எடத்துக்கு ஒரு பலன் வேணாமா?"

அவருக்கும் அது நல்லதாத்தான் பட்டுச்சு. பிடிச்ச வேலையே பொழப்பானா யாரு வேணாம்பாக? அன்னையிலேர்ந்து ராக்கு வாய் அகலமான மண்பானை ஒண்ணுல கொஞ்சமாத் தண்ணி ஊத்தி, விரா மீனை விட்டு, மேல தாமரை எலைய நனைச்சு மூடி, தலையில வச்சு டவுனுக்கு நடந்தா. வைத்தியரு வீட்டு வாசல்ல பானைய எறக்குவா. மீனு பானைக்குள்ள அடிக்கிற சத்தம் கேட்டே ஆளு கூடிருமாம். பச்சை ஒடம்புக்காரிக்கு, காச்சல்ல விழுந்து எந்திரிச்சவனுக்கு, எல்லாருக்கும் ராக்கு பானை மீனுதான். கூரை மேஞ்சாக. புள்ளைக்குப் பாவாடை எடுத்தாக. நல்லாத்தான் இருந்துச்சு.

நல்லாத்தான் இருந்துச்சுங்குறேன். ஆனா மனுசன் மாறிட்டாரு. முந்தியெல்லாம் மீனு தப்பிச்சா சிரிப்பாரா? இப்பத் தப்பிச்சா குச்சியத் தரையில அடிப்பாராம். விடியமுன்ன கெளம்புவாரு, இருட்டுன பெறகு வருவாரு, கஞ்சியக் குடிச்சுட்டுச் செவுத்தப் பாத்துப் படுத்துருவாரு. "இன்னைக்கு என்ன கெடச்சுச்சு?"ன்னு ராக்கு கேப்பா. முந்தி அந்தக் கேள்விக்கு ஒரு கதையே சொல்லுவாரு. இப்பப் பானையக் காட்டுவாரு. அவ்வளவுதான்.

அந்த வருசம் ஐப்பசி மழை பேஞ்சு கம்மா பெருகுச்சு. பெருகுன தண்ணியில விரா குஞ்சு பொரிச்சிருச்சு. விரா குஞ்சப் பாத்திருக்கீகளா? செக்கச்செவேல்னு, குங்குமத்தைத் தண்ணியில கொட்டுன மாதிரி ஒரே கூட்டமா மெதக்கும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் கெடக்கும். ஒரு பாம்பை அண்ட விடாது, ஒரு தவளைய அண்ட விடாது.

அன்னைக்குன்னு ஒரு மீனும் கடிக்கல. டவுனுல ஒரு வீட்டுல ராக்கு வாக்குக் குடுத்திருந்தா. பானையும் கையுமா அவளே கம்மாக்கரைக்கு வந்துட்டா.

"ஒண்ணுகூடவா இல்ல?"

சோணமுத்து கோரைப்புல்லுப் பக்கம் கைய நீட்டுனாராம். "அந்தா கெடக்கு. ஆனா அது குஞ்சுக்குக் காவல் கெடக்குற மீனு ராக்கு. குஞ்சுகிட்ட தவளையப் போட்டா பசிக்குக் கடிக்காது, கோவத்துல பாயும். வேணாம்."

"பச்சை ஒடம்புக்காரி காத்துக் கெடக்காளே. ஒரு தடவதான?"

"வேணாம்த்தா."

"ஒரே ஒரு தடவ."

சோணமுத்து அவ மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாராம். தூண்டிலை வீசுனாராம். வீசுன ஒடனே பாஞ்சுச்சு தாய் மீனு. அதை எடுத்துப் பானையில போட்டாக. திரும்ப வீசுனாரு, தகப்பன் மீனு பாஞ்சுச்சு. அதையும் எடுத்தாக. ராக்கு தாமரை எலைய வச்சு மூடும்போது பாத்தாளாம். அந்தக் குங்குமக் கூட்டம் அங்குட்டும் இங்குட்டும் கலையுது. மூச்சு வாங்க மேல வருது, கீழ போகுது. எங்கேர்ந்துதான் வந்துச்சோ, ஒரு கொக்கு வந்து எறங்குச்சு. பின்னால இன்னொண்ணு. நீர்க்காக்கா ஒண்ணு. ராக்கு பானையத் தூக்கித் தலையில வச்சா. திரும்பிப் பாக்காம நடந்தா.

ஒரு தடவன்னு சொன்னது அதோட நின்னுச்சா? நிக்கல. காத்துக் கெடக்க வேண்டியதில்ல, குஞ்சு எங்கன்னு பாத்தாப் போதும், ரெண்டு மீனு நிச்சயம். சோணமுத்து அப்படிப் பிடிக்கிறதப் பாத்து ஊரு ஆம்பளைகளும் அப்படியே பிடிச்சாக. பிடிச்சத ராக்குகிட்டக் குடுத்தாக. ஒரு பானை ரெண்டு பானையாச்சு, ரெண்டு பானை வண்டியாச்சு. அடுத்த மழைக்கும் அதேதான். அதுக்கடுத்த மழைக்குக் குஞ்சே கொஞ்சந்தான் தெரிஞ்சுச்சு. அதையும் விடல.

அப்பறம் கோடை வந்துச்சு. கம்மா வத்துச்சு. அழிகம்மா நாளு வந்துச்சு. அழிகம்மான்னா என்ன? தண்ணி முழங்காலுக்கு வந்ததும் ஊரே எறங்கி மீனு பிடிக்கிறது. அந்த மீனை விக்கக் கூடாது, வீட்டுல கொழம்பு வச்சு ஒறவுமொறைக்குப் போடணும். கட்டிக்குடுத்த புள்ளைக எல்லாம் சம்பந்தி வீட்டு ஆளுகளோட வந்திருந்தாக. பொம்பளைக விடியவே அம்மியில மொளகா அரைச்சு வழிச்சு வச்சுட்டாக. ஊருக்குப் பெரியவரு அம்பலக்காரரு வெள்ளைத் துண்டை வீசுனாரு. "ஓ"ன்னு ஒரு சத்தம். மீனைக் கவுத்து அமுக்குற ஊத்தாவும் கூடையும் வலையுமா மொத்த சனமும் கம்மாக்குள்ள.

அமுக்குறாக, தொழாவுறாக. நத்தை வருது. பொடிக் கெண்டை வருது. விரா வரல. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தொழாவியாச்சு. விரா வரல. கொஞ்ச நேரத்துல சத்தமெல்லாம் அடங்கிப்போச்சாம். அத்தனை சனம் சேத்துல நிக்குது. ஒவ்வொருத்தரா கரையேறிப் போனாக. போறவுக எல்லாம் ராக்குவ ஒரு பார்வை பாத்துட்டுப் போனாக.

சாயங்காலம் வெள்ளச்சி வந்தா. வெள்ளச்சி சோணமுத்துக்கு அக்கா, ராக்குக்கு நாத்தனா. சண்டைக்கு வர்றான்னு ராக்கு நெனைச்சா. அவ சண்டை போடல.

"வெறும் மொளகாக் கொழம்பு ஊத்துனேன் ராக்கு. சம்பந்தி வீட்டுக்காரக ரெண்டு வாய் தின்னுட்டுக் கையக் கழுவிட்டாக. எம்மக தலையக் குனிஞ்சுட்டா."

வெள்ளச்சி கண்ணு வீட்டுக்குள்ள பானையத் தேடுச்சு.

"ஒன் பானையில ஏதாச்சும் ஒண்ணு கெடக்காடி? ஒண்ணே ஒண்ணு?"

ராக்கு உள்ள போயிப் பானையக் கொண்டாந்து காட்டுனா. காஞ்சு கெடந்துச்சு. வெள்ளச்சி எட்டிப் பாத்துட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டுப் போயிட்டா.

உள்ள சோணமுத்து தூண்டிக் குச்சிய முறிச்சு அடுப்புல வச்சுக்கிட்டிருந்தாராம். ராக்கு அவரு காலடியில உக்காந்து, "நாந்தான கெடுத்தேன். வைஞ்சிருங்க. ரெண்டு அடி வேணா அடிச்சிருங்க"ன்னு அழுதாளாம்.

"ஒன்னயச் சொல்லி என்ன? கை என்னோடதுதான"ன்னாராம். அதுக்குப் பெறகு அந்த மனுசன் வாயத் தொறக்கல. வேலைக்குப் போவாரு, வருவாரு. பேச்சு இல்ல.

ராக்குவுக்குச் சோறு எறங்கல. ஒருநாள் பானையத் தூக்கிக்கிட்டு ஈச்சனேந்தலுக்கு நடந்தா. அது டவுனுக்குப் போற வழியில இருக்குற ஊரு. பள்ளமான கம்மா, கடைசியாத்தான் வத்தும். அன்னைக்கு அங்க மீனு பிடிச்சு முடிச்சுக் கரையேறிக்கிட்டிருந்தாக. அந்த ஊரு அம்பலக்காரரு கரையில நின்னாரு.

"ஒன்னயத் தெரியுமே. எங்க கரைமேலதான மீனுப் பானையோட போவ. ஒங்க கம்மா முடிஞ்சுபோச்சுன்னு இங்க வந்துட்டியாக்கும்?"

"ஆமாய்யா, எங்க கம்மாவ வித்தவ நாந்தான். இப்ப விக்கிறதுக்கு வரல. சேத்துல சாகக் கெடக்குற விராவக் குடுத்தீகன்னா கொண்டுபோயிக் காப்பாத்தி, மழைக்கு எங்க கம்மாவுல விட்டுருவேன்."

"நீ சொல்றத எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம்யா. எடுக்க மட்டும் விடுங்க."

அம்பலக்காரரு, "வலை போடக் கூடாது. கையால எடுத்தது ஒனக்கு"ன்னாராம்.

ராக்கு சேலையத் தூக்கிச் சொருகிட்டு எறங்கிட்டா. இடுப்பு மட்டும் சேறு. உச்சி வெயிலு. அவளுக்கு மீனைத் தூக்கி விக்கத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது. கைய விட்டா கெளுத்தி முள்ளு குத்துது. கை வீங்கிப்போச்சு. ஒண்ணும் அம்புடல. அழுதுக்கிட்டே தொழாவுறா. அப்பப் பக்கத்துல தொபுக்குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா சோணமுத்து. தோள்ல இன்னொரு பானை. சேத்துல மூச்சுக்குமிழி வர்ற எடமாப் பாத்துக் கைய விட்டாரு, விராவோட எடுத்தாரு. எடுத்து அவ கையில குடுத்தாரு. அவ பானையில விட்டா.

ஆளுக்கொரு பானையோட ஊரு வந்தாக. இங்க எந்தக் குழியிலயும் தண்ணி இல்ல. வத்தாதது வெள்ளச்சி வீட்டுக் கெணறு ஒண்ணுதான்.

"மதினி, மழை வரைக்கும் ஒங்க கெணத்துல விட்டுக்கிறேன்."

"குடிக்கிற தண்ணிடி. கவுச்சி அடிக்காதா? சம்பந்திக முன்னால பட்டது பத்தாதா எனக்கு?"

ராக்கு பானைய எறக்கல. தலையில பானையோட நிக்கிறா. பானைக்குள்ள மீனு அடிக்குது, கழுத்து வழியா சேத்துத் தண்ணி வழியுது. நிக்கிறா. வெள்ளச்சி வீட்டுக்குள்ள போனா, வந்தா, திரும்பப் போனா, வந்தா.

"எறக்கித் தொலைடி. கழுத்து ஒடிஞ்சிரப்போகுது"ன்னு தானே வந்து ஒரு பக்கம் பிடிச்சு எறக்குனாளாம்.

அந்தக் கோடை முழுக்க ராக்கு அந்தக் கெணத்தடியிலயே கெடந்தா. கரையான் புத்த வெட்டியாந்து மீனுக்கு எரையா உள்ள போடுவா. செத்து மெதக்குறத வாளியில எடுத்துப் பொதைப்பா. தண்ணி எறைக்க வர்றவுக மூக்கப் பொத்திக்கிட்டு ஏசுவாக, வாங்கிக்குவா. உள்ள எத்தனை உசுரோட இருக்கு, எல்லாம் செத்துப்போச்சா, ஒருத்தருக்கும் தெரியல.

மழை பிந்தித்தான் வந்துச்சு. வந்தது வந்து கொட்டுச்சு. கம்மாவுல தண்ணி ஏறுனதும் சோணமுத்து கெணத்துல எறங்கிக் கூடையால அரிச்சாரு, ராக்கு மேலேர்ந்து கயித்த இழுத்தா. மொதக் கூடையில ஒண்ணுமில்ல. ரெண்டாவதுலயும் ஒண்ணுமில்ல. அடுத்த கூடை கனத்துச்சு. கன்னங்கரேல்னு விரா, வாலால ஒரு அடி அடிச்சுச்சு பாருங்க, வெள்ளச்சி மொகமெல்லாம் தண்ணி.

மிஞ்சுனது கொஞ்சந்தான். அதைப் பானையில விட்டு, ராக்கு தலையில வச்சு, சோணமுத்து பின்னால வர, கம்மாவப் பாத்துப் போறாக. ஊரே வேடிக்கை பாக்குது. அப்ப வண்டிப்பாதையில ஒரு கூண்டுவண்டி வந்து நின்னுச்சு. டவுனு ஆளு. வழக்கமா வாங்குற ஆளு.

"ஏ ராக்கு! டவுனே ஒன்னயத் தேடுது. எங்க போயிட்ட? இந்த மீனு என்ன விலை?"

ராக்குவுக்கு நாக்கு நுனி வரைக்கும் விலை வந்துருச்சாம். பழகுன நாக்கு. அவளே பயந்துபோயி வாயப் பொத்திக்கிட்டாளாம். பின்னாலேர்ந்து ஒரு சத்தம்.

"விலைக்கு இல்ல!"

சோணமுத்து. கோடை முழுக்கப் பேசாத மனுசன். ஊரு அப்படியே நின்னுச்சு. வெள்ளச்சி முன்னால வந்து வண்டிக்காரனப் பாத்து, "காதுல விழலையா? விலைக்கு இல்ல!"ன்னா. அப்பறம் ஒவ்வொருத்தராச் சொன்னாக. "விலைக்கு இல்ல, விலைக்கு இல்ல." வண்டி போயிருச்சு. மீனு கம்மாவுக்குப் போச்சு.

மறுவருசம் கோரைப்புல்லோரமா குங்குமம் மெதந்துச்சு. ஒரே ஒரு கூட்டம். ராக்கு ஒரு நல்ல மூங்கிக் குச்சி வெட்டியாந்து புருசன் கையில குடுத்தாளாம். கெண்டைக்காச்சும் போடட்டும், பழைய சிரிப்பக் கண்ணால பாத்துருவோம்னு அவளுக்கு ஆசை. அவரு குச்சிய வளைச்சுப் பாத்து, "நல்ல குச்சி"ன்னாராம். அதை வச்சுக் கொக்கு வெரட்டுனாராம். சாகுற மட்டும் தூண்டில் போடல. அந்தச் சிரிப்பையும் ராக்கு திரும்பப் பாக்கலையாம். ராக்கு கூலிக்குக் களையெடுக்கப் போயித்தான் மகளக் கட்டிக்குடுத்தாளாம்.

அந்த வெள்ளச்சி வீட்டுக் கெணறுதான் இந்தா இருக்குற ராக்கு கெணறு. இன்னைக்கும் அழிகம்மா முடிஞ்சா, சேத்துல கெடக்குற கடைசி விராவ யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாக. கையால எடுத்து இந்தக் கெணத்துல விடுவாக. மழைக்கு எறைச்சு, பானையில வச்சு, கம்மாவுக்குக் கொண்டுபோவாக. போகும்போது இந்த ரோட்டுல ஒரு ஆளு குறுக்க நின்னு, "மீனு என்ன விலை?"ன்னு கேக்கணும். அது மொறை. கேக்குறது ராக்கு மக வயித்து வழி வந்த வீடு. அதாவது எங்க வீடு. கேட்டதும் ஊரு மொத்தமும் எங்க மொகத்தப் பாத்து, "விலைக்கு இல்ல!"ன்னு சொல்லும்.