கூரைக்குப் பின்னால் போதாத வெளி

தலைமை தாங்கும் பெரியவர் தில்லைநாதன் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, ‘தானே’ புயலில் தோப்பை இழந்தும் துணிவை இழக்காத தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சமுதாயக் கூடத்தின் புதுக்கூரையைத் திறக்கிறோம். மகிழத்தான் வேண்டும். ஆனால் பழைய கூரை ஏன் பறந்தது என்று சொல்லாமல் நான் எப்படி இறங்குவேன்?

அதோ, தூணோரம் இருப்பவள் என் தங்கை லலிதாம்பிகை. ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் பொறியாளராக இருந்தாள். இந்தக் கூடத்தின் பழைய கூரையைக் காற்று எப்படித் தாக்கும் என்று கணினியில் கணக்கிட்டவள் அவள்தான். கணினிக்குள் வானம் முழுவதையும் அடைக்க முடியுமா? கட்டடத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெளியை வெட்டி எடுத்து, ஒரு பக்கம் காற்றை விட்டு, மறுபக்கம் அது வெளியேற எல்லை வகுப்பார்கள். கூரையைத் தாண்டிய காற்று நேராகவா போகிறது? சுருண்டு சுருண்டு, சுழன்று சுழன்று போகிறது! எல்லையை அருகில் வைத்தால் அந்தச் சுழல் முழுதாக வெளியேறாது, கணக்கே கெடும்.

என்ன ஐயா, விளங்கவில்லையா? வாய்க்காலில் குறுக்கே பலகை வைத்தால் தண்ணீர் திரும்பி வந்து மோதாதா? அதேதான்.

"எல்லையைத் தள்ளி வைக்கணும் சார். சுழல் தடையில்லாம வெளிய போற மாதிரி அந்த எல்லைக்கான நிபந்தனையும் மாத்தணும்" என்றாள் அன்று, தன் மேலாளரிடம்.

"அப்புடிப் போட்டா கம்ப்யூட்டர் மாசக்கணக்குல ஓடும்மா. வரைபடத்த உடனே கேக்குறாங்க" என்றார் மேலாளர் சூர்யநாராயணன்.

பணிந்தாள். கையெழுத்திட்டாள். கூரையை மேலே இழுக்கும் விசை, கணக்கில் குறைவாகவே நின்றுவிட்டது; அதை நம்பிப் பூட்டிய கூரையும் வலுக் குறைந்தே நின்றது.

புயல் விடியலில் இங்கேதானே ஒதுங்கினீர்கள்? பின்பக்கக் கூரை கிளம்பியது. முந்திரித் தோப்புக்காரர் மணவாளன் மீது இரும்புச் சட்டம் விழுந்தது. வலது கை போயிற்று.

என் தங்கை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் திட்டவில்லை. "சந்தேகமா இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற எடத்துக்குப் போயிருப்பமேம்மா" என்றார்.

அன்பர்களே! அறிவு இருந்தது, அச்சம் அடக்கியது. ஐயம் இருந்தது, அவசரம் அமுக்கியது. அந்த ஒரு வார்த்தை, அந்த ஒரே ஒரு வார்த்தை, ஏன் அவள் வாயில் வரவில்லை? தெரியாததைச் சொல்லாதது பிழையில்லை. தெரிந்த ஐயத்தைச் சொல்லாதது எத்தனை பெரிய பிழை!

அந்த வேலையை விட்டாள். எல்லையை எட்டத் தள்ளி, சுழல் தங்குதடையின்றி வெளியேற வழிவைத்து, மாதக்கணக்கில் மறுபடி கணக்கிட்டாள். அதன்படி இறுக்கிய கூரைதான் இது.

மணவாளனை நேற்று அழைக்கப் போனேன். "கூர நல்லாத்தான் இருக்கும் சார். அதுக்கு அடியில நிக்கத்தான் எனக்கு மனசு வரல" என்றார். வற்புறுத்தாமல் திரும்பி வந்தேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இங்கே வராத அவருக்கும் என் வணக்கம்.