ரெண்டு சகலையும் ஒரு ரேடியேட்டரும்

...அதனால கலரை மட்டும் கேக்காதீங்க சார். உள்ள வாங்க, சுத்திப் பாருங்க, அடுப்பைப் பத்தவெச்சுப் பாருங்க, பாத்ரூம்ல குழாயைத் திறந்து பாருங்க. ஆனா இன்ஜின் சூட்டைத் தணிக்க என்ன கலர் கூலண்ட் ஊத்தியிருக்கீங்கன்னு மட்டும் இந்த வண்டிக்குள்ள நின்னுக்கிட்டு யாரும் கேக்கக்கூடாது. அந்த ஒரு கேள்வியாலதான் இந்த வண்டியே விலைக்கு வந்திருக்கு.

உக்காருங்க. அந்த சோஃபாவுல வேணாம், அதை இழுத்தா கட்டிலாகும், சில நேரம் இழுக்காமலே ஆகும். இந்த டிரைவர் சீட்டைத் திருப்பிப் போட்டுக்கங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் பழைய கூலண்டை ஒர்க்‌ஷாப்புல குடுக்கப் போயிருக்காங்க. அதைச் சாக்கடையில கொட்டக்கூடாதாமே. இனிப்பா இருக்குமாம், நாய் பூனை நக்கினா செத்துப்போயிடுமாம். அவங்க வர்ற வரைக்கும் உங்களுக்கு நான்தான். விளம்பரத்துல இருக்கிறதும் என் நம்பர்தானே.

ரெண்டு பேருன்னா யாரு யாருன்னு சொல்லணும்ல. ஒருத்தர் எங்க வீட்டுக்காரர். கெமிஸ்ட்ரி வாத்தியார். வேலையிலேர்ந்து ரிடையர் ஆயிட்டார், பாடம் நடத்துறதுலேர்ந்து இன்னும் ஆகல. இன்னொருத்தர் எங்க அக்கா புருஷன், நான் அத்தான்னு கூப்பிடுவேன். வாழ்நாள் பூரா பஸ் ஓட்டினவர். அக்காவும் நானும் கூடப் பொறந்தவங்க ரெண்டே பேர்தான் சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. நல்லது கெட்டதுன்னா ஒருநாள் பாத்துக்குவோம், பேச்சு பாதியில நிக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாயிடும். அதனால அவதான் இந்த யோசனையக் கிளப்பினா. ரெண்டு வீடும் சேந்து, கட்டிலும் அடுப்பும் உள்ளயே இருக்கிற மாதிரி ஒரு வண்டி வாங்குவோம், ஊர் ஊராப் போவோம்னு. ஆம்பளைங்களுக்கு அது வண்டி. எங்களுக்கு அது ஒரு சாக்கு. பின்னாடி பெரிய கட்டில் இருக்கு பாருங்க, அங்க நானும் அவளும். முன்னாடி சோஃபாவுல சகலைங்க ரெண்டு பேரும், தலையும் காலுமா. அக்கா குறட்டை விடுவா. விட்டா விடட்டும். எத்தனை வருஷம் கழிச்சுக் கேக்குறேன் அந்தக் குறட்டைய.

எங்க விட்டேன்... ஆங், கூலண்ட்.

வாங்கும்போதே அது பழசு சார். ரேடியேட்டர் டப்பா மூடியத் திறந்தா டீத்தண்ணி மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. மாத்தணும்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. அவங்க ஒத்துப்போனது அது ஒண்ணுலதான். அத்தான் என்ன சொன்னாருன்னா, பச்சைதான் ஊத்தணும், டிப்போவுல எல்லா பஸ்ஸுக்கும் பச்சைதான் ஊத்தினோம், ஒரு பஸ்ஸும் செத்துப்போகலன்னாரு. எங்க வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா. சிவப்புதான் நாள்பட உழைக்கும், பச்சை அந்தக் காலத்து சரக்குன்னு ஆரம்பிச்சு, உப்பு, அமிலம், துருன்னு ஒரு பீரியடு நடத்திட்டாரு. அத்தான் தட்டைக் கழுவப் போயிட்டாரு. அவரு கோவத்துல தட்டு கழுவுற ஆளு. எங்க தட்டெல்லாம் அப்போ பளபளன்னு இருந்துச்சு.

இப்படியே இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போச்சு. கூலண்ட் அளவு வேற கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வந்துச்சு. நடந்தது என்னன்னா சார், எங்க வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாம சிவப்பை வாங்கிட்டு வந்து ஊத்திட்டாரு. அளவு சரியா இருக்கேன்னு அத்தான் சந்தோஷப்படலாம்ல? அதான் இல்ல. அவரும் யாருக்கும் தெரியாம, ராத்திரி இருட்டுல கலர் தெரியாம, கொஞ்சத்தை உறிஞ்சி எடுத்துட்டு பச்சைய ஊத்தியிருக்காரு. இவர் கேனு பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ. அவர் கேனு போர்வை வைக்கிற பொட்டிக்குள்ள. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டாங்க வேற. பகை தீந்துச்சுன்னு நாங்க நெனச்சோம்.

அப்புறம் ஒரு மலை ஏறினோம். பாதி மலையில சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு, பின்னாடி ஆவி. அத்தான்தான் ஓட்டினாரு, பதறாம ஓரங்கட்டினாரு, அதைச் சொல்லியாகணும். சூடா இருக்கும்போது மூடியத் திறந்தா மூஞ்சி வெந்துபோயிடும்னு எங்களை எல்லாம் கீழ இறக்கி மரத்தடியில உக்கார வெச்சாரு. நல்லா ஆறினப்புறம் திறந்து பாத்தா சார், உள்ள பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. பழுப்பா, கொழகொழன்னு, ஆறிப்போன கஞ்சி மாதிரி. ரெண்டும் சேரக்கூடாத ஜாதி மருந்தாம், சேந்து உறைஞ்சு குழாயெல்லாம் அடைச்சுக்கிச்சு.

அத்தான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரர் அத்தானைப் பாத்தாரு. சொல்லாமலே விளங்கிப்போச்சு.

நடுரோட்டுல நடந்ததை நான் முழுசாச் சொல்லமாட்டேன். எங்க குடும்பத்துக்கே கேவலம். ஆனா ரெண்டு வார்த்தை மனசுல நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரர், "பஸ்ஸுல உக்காந்தவனெல்லாம் இன்ஜினைத் தெரிஞ்சவன் ஆயிடமாட்டான்"னாரு. அத்தான் நிதானமா, "புத்தகத்துல படிச்ச தண்ணிய வெச்சு மலையேற முடியாது வாத்தியாரே"ன்னாரு. அதுவரைக்கும் தம்பின்னு கூப்பிட்டவரு சார். அன்னைக்கு வாத்தியாரேன்னாரு. அக்கா என் கையப் புடிச்சா, அப்படி ஒரு புடி. எங்க வீட்டுக்காரர் உடனே, என் பாதிய வித்துடுறேன்னாரு. அத்தான், எதுக்குப் பாதி, முழுசாவே வித்துடலாம்னாரு. முன்பாதியா பின்பாதியான்னு நான் கேட்டேன், சிரிப்பாங்கன்னு. ஒருத்தரும் சிரிக்கல. இழுவை வண்டி வந்து கட்டி இழுத்து, இந்த மாதிரி வண்டிங்க நிக்கிற இந்த மைதானத்துல கொண்டாந்து விட்டுச்சு. அன்னைக்கே விளம்பரமும் போட்டாச்சு.

இருங்க, தண்ணி குடிங்க. என்ன, அந்த ஓசையா? அது ஃபிரிட்ஜ், அப்படித்தான் முனகும். பழகிடும். பழகணும்னு நான் சொல்லல, பழகிடும்னு சொன்னேன்.

விக்கணும்னாலும் ஓடுற வண்டியாத்தானே விக்கணும்? அதனால சுத்தம் பண்ணியாகணும். சுத்தம் பண்ணணும்னா ரெண்டு ஆளு வேணும். ஏன்னா இன்ஜின் இருக்கிறது நாங்க தூங்குற கட்டிலுக்குக் கீழ. மெத்தையத் தூக்கி மேலேர்ந்து ஒருத்தர் ஊத்தணும், வண்டிக்கு அடியில படுத்து ஒருத்தர் திறந்து விடணும். அதுக்கு முன்னாடி என்ன ஊத்துறதுன்னு தெரியணும்ல? அக்கா இவங்களை நம்பல. மெத்தைக்கு அடியில தலைய விட்டு இன்ஜின் மேல இருக்கிற நம்பரைப் படிச்சு, அதைச் செஞ்ச கம்பெனிக்கே போன் போட்டுட்டா. அங்க ஒரு பொண்ணு பொறுமையாச் சொல்லியிருக்கு. அம்மா, கலரைப் பாத்து வாங்காதீங்க, கலரு வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்குக் கலக்குறதுன்னு. உங்களுது கனமான டீசல் இன்ஜின், உள்ள சிலிண்டர் சுவர்ல சின்னச் சின்ன குமிழி வெடிச்சு ஓட்டை விழும், அதைத் தடுக்கிற மருந்து சேந்த கூலண்ட்தான் வேணும்னு பேரு சொல்லிக் குடுத்துச்சு. பாதிக்குப் பாதி சுத்தமான தண்ணி, பேட்டரிக்கு ஊத்துற மாதிரி தண்ணி, குழாய்த்தண்ணி கூடாதாம். போய் வாங்கிப் பாத்தா நீலம் சார். பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. ரெண்டு பேரு சாயமும் ஒரே நாள்ல வெளுத்துச்சு.

ஆனா பேசிக்கிட்டாங்களா? இல்ல. மேல அத்தான், கீழ எங்க வீட்டுக்காரர், நடுவுல நாங்க. "குழாயைத் திறக்கச் சொல்லு"ன்னு அத்தான் அக்காகிட்ட சொல்லுவாரு. அக்கா என்கிட்ட. நான் குனிஞ்சு வண்டிக்கு அடியில. "திறந்தாச்சுன்னு சொல்லு"ன்னு அங்கேர்ந்து திரும்ப வரும். துணி ஊறவைக்கிற டப்பு, பக்கெட்டு எல்லாத்துலயும் அந்தக் கஞ்சியப் புடிச்சோம். புடிக்கப் புடிக்க வருது. இன்ஜின் பின்னாடி, டிரைவர் காலுக்கு சூடு குடுக்குற ஹீட்டர் முன்னாடி, அந்த நீளத்துக்கும் குழாய் ஓடுது இல்ல? கழுவுற மருந்தை ஊத்தி, இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, திறந்து, மறுபடி தண்ணி ஊத்தி, ஓட்டி, ஆறவிட்டு... குழந்தைக்கு வயித்துப்போக்கு வந்த வீடு மாதிரி ஆயிடுச்சு இது. எனக்கு முதுகு விட்டுப்போச்சு. அந்த முதுகுவலிக்கு ஒரு தைலம் வாங்கினேன், அதோட வாசனைக்கு பக்கத்து வண்டிக்காரம்மா... சரி, அது கிடக்கட்டும்.

அப்பதான் அது நடந்துச்சு. பெரிய குழாய் ஒண்ணை எங்க வீட்டுக்காரர் கழட்டப் போனாரு. அது காலியா இருக்கும்னு நெனச்சுட்டாரு. உள்ள அடைச்சிருந்தது ஒரே அடியா பிச்சுக்கிட்டு வந்து அவர் முகத்துல. மருந்துத்தண்ணி சார், கண்ணு ரெண்டுலயும். அம்மான்னு கத்தினாரு. நான் அப்படியே நின்னுட்டேன். அத்தான் அந்தக் கட்டிலுக்கு மேலேர்ந்து எப்படி இறங்கினாரு, எப்படி வெளிய வந்தாருன்னு எனக்கு இன்னும் தெரியாது. முட்டி வலிக்குதுன்னு படியில ஒக்காந்து ஒக்காந்து இறங்குற மனுஷன். காலைப் புடிச்சு இவரை வெளிய இழுத்து, தலையத் தன் மடியில போட்டு, இன்ஜினுக்குன்னு வாங்கி வெச்சிருந்தோமே சுத்தமான தண்ணி, அதைக் கேனோட கவுத்து ஊத்துறாரு. இவரு கண்ண இறுக்கி மூடிக்கிட்டு தலைய ஆட்டுறாரு.

"கண்ணைத் திறடா தம்பி. எரியும், பரவால்ல, திற. நான் புடிச்சிருக்கேன்ல."

அக்கா மூலமா சொல்லல. என் மூலமா சொல்லல. நேரா அவர்கிட்டயே சொன்னாரு. அந்தக் கேன் தீர்ற வரைக்கும் விடல, விரலால இமையப் பிரிச்சுப் பிரிச்சு கழுவினாரு. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டினோம், உடனே கழுவினதால தப்பிச்சுது, சிவப்புதான் கொஞ்சம் இருக்கும்னாரு. "கடைசியில உனக்குப் புடிச்ச கலர்தான் வந்துச்சு"ன்னு அத்தான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு பாருங்க... நான் ஆஸ்பத்திரி வாசல்னுகூடப் பாக்காம அழுதேன்.

மிச்ச வேலைய அவங்களே பண்ணிக்கிட்டாங்க. எங்களை வேணாம்னுட்டாங்க. வெறும் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவி, நீலத்தை ஊத்தி, உள்ள காத்து நிக்கக்கூடாதுன்னு குழாயை அமுக்கி அமுக்கி குமிழிய வெளியேத்தி... குமிழி வரும்போதெல்லாம் மேலேர்ந்து ஒரு சத்தம், கீழேர்ந்து ஒரு சத்தம், பேச்சுன்னா பேச்சு. சும்மா ஓட்டிப் பாக்கலாம்னு அதே மலைக்குப் போனோம். ரெண்டு பேரும் முன்னாடி உக்காந்து ரோட்டைப் பாக்கல, முள்ளைத்தான் பாத்தாங்க. தூங்குற குழந்தையப் பாக்குற மாதிரி. முள்ளு நடுவுல நின்னுச்சு, அசையவே இல்ல.

அப்ப ஏன் விக்கிறீங்கன்னுதானே கேக்க வர்றீங்க? அதைத்தான் சார் நானும் கேக்குறேன். எங்க வீட்டுக்காரர் என்கிட்ட தனியா வந்து, அவரு விக்கணும்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்ங்கிறாரு. அத்தான் அக்காகிட்ட தனியாப் போய், வாத்தியார் மனசு என்னவோ, நானா வேணாம்னு சொன்னா நல்லா இருக்காதுங்கிறாரு. சொன்ன வார்த்தைய யாரு முதல்ல திருப்பி எடுக்குறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. ஆம்பளைங்க இல்லையா. அதனால அக்காவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். வர்றவங்ககிட்ட எதையும் மறைக்கிறதில்ல. ஃபிரிட்ஜ் முனகும், சோஃபா தெறிக்கும், இன்ஜினுக்குள்ள கஞ்சி போயிருக்கு, இன்னும் எந்த மூலையில எவ்வளவு ஒட்டியிருக்கோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். நேத்து வந்த ஒரு அம்மா டப்பு கதை வரும்போதே கிளம்பிட்டாங்க. நீங்க பரவால்ல, ரொம்ப நேரம் உக்காந்தீங்க.

என்ன சார், எழுந்துட்டீங்க? கட்டிலைத் தூக்கிக் காட்டுறேன், இன்ஜினைப் பாத்துட்டாவது போங்க. இல்லையா? அந்த ரெண்டாவது படி ஆடும், பாத்து. போயிட்டு வாங்க.

அக்கா, போயிட்டாரு. காப்பி போடு. நாலு பேருக்குப் போடு, அவங்க வந்துட்டாங்க.

ஆமா அத்தான், பாத்துட்டுப் போறாரு. ஆமாங்க, அந்தத் தொப்பிக்காரர்தான். என்ன சொன்னாரா? வண்டி புடிக்கலையாம். எல்லாத்துலயும் குறையாம். இன்ஜின்லயும் நம்பிக்கை இல்லையாம்.

எதுக்கு இப்ப ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அத்தான், அவரை எதுக்குக் கூப்பிடுறீங்க, போறவரைப் போக விடுங்க. இந்த இன்ஜின்ல என்ன குறைன்னு என்கிட்ட கேட்டா? நீங்களும் சும்மா இருங்க, கண்ணைக் கசக்காதீங்க, டாக்டர் சொன்னாருல்ல. இப்படிப்பட்ட ஆளுங்களுக்கு நம்ம வண்டியக் குடுக்கக்கூடாது, சரி. அப்படின்னா விளம்பரத்தை எடுத்துடவா? என்னைப் பாத்தா? அவரைப் பாத்துச் சொல்லுங்க. அத்தான், நீங்களும்தான்.

சரி. ரெண்டு பேரும் தலைய ஆட்டியாச்சு. போனை எடு அக்கா.