நாலாவது பாட்டில் ஒரு கட்டை

— கண்ண மூடிக்கிட்டு அமுக்குங்க ஷோயப். பாக்கக் கூடாது, சரியா?

— எத?

— பியானோவுல நடுவுல இருக்குற ஜி கட்டைய. ரெண்டு வருஷமா ஊமையா கெடந்துச்சே, அதான்.

— அது அமுங்காது எழில்.

— அமுக்குங்கன்னா! டேய் பாலாஜி, நீயாச்சும் சொல்லேன்.

— அமுக்கு மச்சான். நேத்துலேருந்து இவ வாய மூடிக்கிட்டு இருக்கறதே பெரிய விஷயம். இதுக்கு மேல தாங்க மாட்டா.

— கேட்டீங்களா! கேட்டீங்களா! கட்டை எப்படிப் பேசுது பாருங்க!

— யார் தொறந்தது?

— நாந்தான் ஏற்பாடு பண்ணேன். உங்க சம்சாரம் தவறிப்போன வருஷ நாளுக்குப் பாத்தியா ஓத வேலூர் போனீங்கல்ல, அந்த ரெண்டு நாள்ல. சென்னையிலேருந்து பியானோ ரிப்பேர்காரர் ஒருத்தர், திருமலைன்னு பேரு. இன்னைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்ட அடச்சிடுவாங்கன்னு நேத்தே வேலைய முடிச்சு பஸ் ஏத்தி விட்டுட்டேன்.

— என்னைக் கேக்கலாமில்ல.

— கேட்டா வேணாம்பீங்க.

— ம்.

— மச்சான், சண்டைன்னா ரெண்டு பேரும் மெதுவா போடுங்க. நான் நெட்டுல பாட்டு ஏத்தற ஃபாரம் ரொப்பிக்கிட்டு இருக்கேன். ஆறு மணிக்குள்ள ஏத்தலன்னா வெள்ளிக்கிழமை நம்ம நாலு பாட்டு ஈ.பி. வராது. இந்தா படிக்கறேன். பேண்டு பேரு, பௌர்ணமி டிராஃபிக். வகை, பியானோ ராக். பாட்டு, நாலு. பியானோ, ஷோயப். டிரம்ஸ், எழிலரசி. பேஸ் கிடார், பாலாஜி, அடைப்புக்குறிக்குள்ள அழகன்.

— அடைப்புக்குறிய அழி.

— ஏண்டி, உலகம் முழுக்கக் கேக்கப் போற பாட்டு. ஒரு உண்மையாச்சும் இருக்கட்டுமே.

— உலகமா! உங்கம்மாவே ஈ.பி.ன்னா கரண்ட் ஆபீஸ்னு நெனச்சுக்கிட்டு, மீட்டர் எடுக்க ஆள் வருமான்னு கேட்டாங்க.

— நான் வெளக்கிட்டேன். யம்மா, மந்திரி வர்றதுக்கு முன்னாடி சைரன் வெச்சுக்கிட்டு ஒரு வண்டி வருமே, அதான் ஈ.பி. கார்த்திகை மாசம் பின்னாடி வர்ற மந்திரிதான் ஆல்பம்னேன். சைரன் சத்தத்த கம்மி பண்ணுங்கடான்னுச்சு.

— சைரன் நல்லா இருந்தாத்தானே மந்திரிக்கு மரியாத? அதனாலதான் சொல்றேன். மணி மூணுதான் ஆவுது. நாலாவது பாட்ட இன்னொரு தடவ அடிச்சிடலாம். இப்பத்தான் ஜி பேசுதே. அந்த வெத்து எடத்த ரொப்பிடலாம்.

— ஐயையோ, அந்த எடத்துல கைய வெக்காத! பெங்களூர்ப் பத்திரிகைக்காரன் இன்னா எழுதினான்? 'பாட்டின் உச்சத்தில் பியானோ சட்டென்று நின்று, மலையின் மௌனத்துக்குக் காது கொடுக்கிறது.'

— மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கட்டை ரிப்பேரு.

— அது உனக்கும் எனக்கும் தெரியும். செங்கம் ரோடு கேஃபேல அந்த எடம் வந்தா வெள்ளக்காரங்க கண்ண மூடி கையக் கூப்பறாங்க. போன மாசம் ஒரு அம்மா வந்து, இந்த அமைதிய எந்த குருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டுச்சு. இவன் 'தெரியல'ன்னான். அதுக்கும் கையக் கூப்பிடுச்சு.

— உள்ள என்ன இருந்துச்சு எழில்?

— கட்டைக்கு அடியிலயா? ஒரு கண்காட்சியே இருந்துச்சு. வேர்க்கடலை ரெண்டு. நான் தொலச்சுட்டேன்னு மூணு மாசம் திட்டினானே பாலாஜி, அவனோட கிடார் மீட்டற பிக்கு. அப்புறம் ஒரு ஹேர்பின். அதுதான் குறுக்க விழுந்து கட்டைய அமுங்க விடாம பண்ணியிருக்கு.

— எங்க அது?

— எது, வேர்க்கடலையா? பாலாஜி தின்னுட்டான்.

— ஹேர்பின்.

— நான்தான் வெச்சிருக்கேன் மச்சான். சூப்பர் பின்னு. நம்ம மொபைல் கடைக்குன்னே செஞ்ச மாதிரி. நேராக்கினேன், சிம் தட்டு ஒரே குத்துல தொறக்குது. காலையிலேருந்து பதினோரு போன் தொறந்தாச்சு.

— நேராக்கிட்டியா.

— ஆமா. தலையில பச்சக்கல்லு இருக்கு, புடிக்க வாட்டமா. எழில், உன்னுதுன்னா சொல்லிடு, குடுத்துடறேன்.

— என் தலைய பாத்தியா? காலேஜ்லேருந்து கிராப்பு. எனக்கு ஹேர்பின் குத்தணும்னா பசை போட்டுத்தான் ஒட்டணும். வேற பொண்ணு யாருடா இந்த ரூமுக்கு வந்தது?

— இவனத் தேடியா? நல்லாக் கேட்ட. கொசு கூட ஒரு தடவ வந்து இவன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிடும்.

— டேக் எடுக்கலாம்.

— நிஜமாவா ஷோயப்? டேய், லேப்டாப்புல ரெக்கார்டிங்கப் போடு, அவர் மனசு மாறறதுக்குள்ள. ஜன்னல சாத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!

— நிறுத்து, நிறுத்து. வெளிய மைக்கு. 'போளூரிலிருந்து வந்த வெள்ளையம்மாள் எங்கிருந்தாலும் சுக்கு காபிக் கடைக்கு வரவும், உங்கள் மகன் சகாதேவன் காத்திருக்கிறார்.' பாட்டுக்குள்ள முழுசா வந்துட்டாங்க வெள்ளையம்மாள்.

— கிரிவலப் பாதையில ரூம் எடுத்தா இதான். இன்னொரு தடவ. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!

— இன்னா மச்சான், அந்த எடத்துல நின்னுட்ட?

— கை பழகிடுச்சு.

— பரவால்ல ஷோயப். ரெண்டு வருஷ பழக்கம், அப்படித்தான் இருக்கும். இப்ப விரல இறக்குங்க, அது பேசும். சரியா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!

— மறுபடியும் நின்னுட்டான்.

— எனக்குக் கண்ணு இருக்கு பாலாஜி. இன்னொண்ணு.

— நாலாவது டேக்கு. எழில், உன் கை வலிச்சா சொல்லு, வெள்ளையம்மாள கூப்டு அடிக்கச் சொல்லலாம்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! ஷோயப், என்னங்க இது? விரல் கட்டை மேல வந்துட்டு அப்படியே நிக்குது. தொட்டா ஷாக் அடிக்குமா?

— எழில், விடு.

— நீ ஏண்டா திடீர்னு குரல எறக்கற?

— இந்தப் பச்சக்கல்லு. இப்பத்தான் நல்லாப் பாக்கறேன். மச்சான், இது ஃபராவோட பின்னுதானே?

— ம்.

— உள்ள இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— எப்பலேருந்து?

— விழுந்தப்பவே.

— ஐயோ ஷோயப், உங்க சம்சாரத்தோடதா! எனக்குத் தெரியாதே. அவங்க போனதுக்கப்புறம் பேண்டுல சேந்தவ நான். அவங்கள ஒரு தடவ கூட பாத்ததில்ல. ரிப்பேர்னு நெனச்சு நான் பாட்டுக்கு...

— பரவால்ல.

— அவங்களும் வாசிப்பாங்களா?

— யாரு, ஃபராவா? நல்லா வாசிப்பா! அவளுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கட்டை. இவன் வாசிக்கறப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டு, தன் முறை வர்ற வரைக்கும் ஒத்த விரல நீட்டிக்கிட்டே இருப்பா. முறை வந்ததும் ஒரு குத்து. குத்திட்டு என்னைத் திரும்பிப் பாப்பா பாரு, நாந்தான் மொத்தப் பாட்டையும் வாசிச்சேங்கற மாதிரி. கை தட்டலன்னா அன்னைக்கு டீ கெடையாது.

— எந்தக் கட்டை?

— அத யாரு பாத்தா? நான் டீக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தேன்.

— ஷோயப், வேணும்னா அந்தப் பின்ன வளச்சு, இருந்த மாதிரியே உள்ள போட்டுடட்டுமா? பலகைய எப்படிக் கழட்டறதுன்னு அந்தத் திருமலை செய்யறப்ப பாத்து வெச்சிருக்கேன்.

— வேணாம். கட்டை பேசட்டும். ஆல்பத்துக்கு ஆவும்.

— அப்ப பின்னு?

— குடு. வளைக்காத. அப்படியே குடு.

— சாரி மச்சான். பதினோரு போன தொறந்துட்டேன்.

— கேட்டா சிரிச்சிருப்பா.

— இப்ப ஈ.பி.க்கு இன்னா பண்றது? மணி அஞ்சே கால். மூணு பாட்டோட அனுப்பிடட்டுமா?

— நாலும் போவட்டும். நாலாவதுக்குப் பழைய டேக்கே இருக்கட்டும்.

— எழில், நீ இன்னா சொல்ற?

— நான் ஒண்ணும் சொல்லல. பழசே அனுப்பு.

— சரி, ஏத்தறேன். வெளிய கேளு, வெள்ளையம்மாள் கெடச்சுட்டாங்களாம். சுக்கு காபிக் கடையில மகனுக்கு வசவு நடக்குது. மச்சான், ஃபாரம் அனுப்பிடட்டா?

— ஒண்ணு மாத்தணும்.

— அழகன் தானே? அப்பவே அழிச்சிட்டேன்.

— பியானோன்னு இருக்கே, அங்க யார் பேர் போட்ட?

— உன் பேருதான். வேற யாரு?

— பக்கத்துல ஃபரான்னு போடு. அந்த ஜி அவ வாசிக்கறது.